கண்ணில் பூ விழுந்த நாய், கண் ஒட்டிய பூனைக்குட்டி: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கையில் நாய், மறு கையில் ஏற்கெனவே ஊற்றிப் பார்த்த சொட்டு மருந்துப் புட்டி. சேலத்தில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு, கண் நோய் என்றாலே கண்முன் வருவது இந்தக் காட்சிதான். நாயைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தப் புட்டியை வாங்கி அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பேன். ஏன் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நாயின் கண் சிவந்திருக்கிறது. மருந்துக்கடையில் என்ன சொட்டு மருந்து வாங்கி ஊற்றலாம்?

எதையும் ஊற்ற வேண்டாம். சிவப்பு என்பது நோயின் பெயர் அல்ல. கண்ணீர் வற்றினாலும் கண் சிவக்கும். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமான கருவிழியில் புண் வந்தாலும் சிவக்கும். கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டாலும், கண்ணின் உள் அழுத்தம் ஏறினாலும் சிவக்கும். வெளியிலிருந்து பார்க்க நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டை, புண் உள்ள கருவிழியில் விட்டால் புண் ஆறாது, கிருமி பெருகும், சில வேளைகளில் கருவிழி வெந்த ஜவ்வரிசி போலக் குழைந்துவிடும். கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையான கண்மணியை விரிக்கும் அட்ரோபினை, அழுத்தம் ஏறிய கண்ணில் விட்டால் அழுத்தம் இன்னும் ஏறும்.

அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு பக் நாய் நினைவுக்கு வருகிறது. வீட்டுத் தாத்தாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்திருக்கிறது. நல்ல மருந்துதான், தாத்தாவுக்கு. அதில் ஸ்டீராய்டு இருந்தது; நாய்க்கு இருந்ததோ நகக்கீறல். மூன்று நாள் ஊற்றியபின் தூக்கிக்கொண்டு வந்தபோது கருவிழியின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் நாயின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மருந்து ஊற்றியதும் அந்த அன்பினால்தான்.

அப்படியானால் மருத்துவர் என்னதான் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்?

மூன்று எளிய சோதனைகள். மூன்றில் இரண்டுக்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதம்தான்.

முதலில் கண்ணீர் அளவு. ஷிர்மர் தாள் என்ற மெல்லிய காகிதக் கீற்றைக் கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் செருகி வைப்போம். ஈரம் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஏறினால் நாய்க்கு அது சரியான அளவு. 10-க்குக் கீழே என்றால் கண் வறட்சி என்று சந்தேகிக்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும்; கண்ணைக் கழுவிவிட்டோ சொட்டு விட்டபிறகோ அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆகவே மருத்துவரிடம் கிளம்பும் முன் கண்ணைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு வராதீர்கள். பீளையோடு வாருங்கள், எங்களுக்கு அருவருப்பு கிடையாது.

இரண்டாவது, ஃபுளூரசீன் சாயம். ஆரஞ்சு நிறக் கீற்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீர் விட்டுக் கழுவி, நீல விளக்கில் பார்ப்போம். கருவிழியின் மேல்தோல் எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே பச்சையாக ஒளிரும். ஒரு விதிவிலக்கு உண்டு: புண் மிக ஆழமாகி, கடைசி ஒரு மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த நடுப்பகுதி சாயத்தை ஏற்காது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் கண்ணாடிபோல் தெளிவு. தெரியாதவர் கண்ணுக்கு அது ஆறிவரும் புண்ணாகத் தோன்றும். உண்மையில் அது எந்த நேரத்திலும் உடையக்கூடிய கண்.

மூன்றாவது, அழுத்தம் அளத்தல். டோனோமீட்டர் என்ற பேனா போன்ற கருவியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்போம். நாய்க்கும் பூனைக்கும் பாதரச அளவில் 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை இயல்பு. இந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது, விலை அதிகம். முதல் இரண்டுக்கும் ஆகும் செலவோ அற்பம். சிவந்த கண்ணோடு போன இடத்தில் சாயம்கூடப் போட்டுப் பார்க்காமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால், "கருவிழியில் புண் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

எப்போது அன்றைக்கே ஓட வேண்டும்?

கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருந்தால். கருவிழி திடீரென்று நீலம்பூத்து மங்கினால். ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால். இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால். கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தால். நேற்றுவரை ஓடியாடிய நாய் இன்று சுவரில் முட்டினால். இவற்றில் எதற்கும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பொருந்தாது. பீளை மட்டும் தள்ளுகிறது, கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறது, சாப்பிடுகிறது என்றால் மறுநாள் வரை பொறுக்கலாம்.

கண்ணில் 'பூ விழுந்துவிட்டது' என்கிறார்கள். அது என்ன?

நம் ஊரில் கருவிழியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் பூ விழுந்ததுதான். பெரும்பாலும் அது கருவிழிப் புண், அல்லது ஆறிய புண்ணின் தழும்பு. நாயின் கருவிழி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன்தான். அதற்குள் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால்தான் சிறு கீறலுக்கும் அவ்வளவு வலி.

ஏற்காட்டுப் பக்கத்து நாய்களுக்கு இது உண்ணிச்செடிப் புதரில் நுழைவதால் வருகிறது. காபித் தோட்டத்து ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் அந்தச் செடியின் தண்டில் சிறு முட்கள். முயலையோ கீரியையோ துரத்திக்கொண்டு தலையை நுழைத்த நாய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வரும். செடி கிழித்த புண்ணில் பூஞ்சைத் தொற்றும் சேரலாம் என்பதால், புதரில் அடிபட்டது என்று தெரிந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காய்ந்த புல்லின் விதை, நாயின் கண் உள்மூலையில் இருக்கும் கூடுதல் இமையான மூன்றாம் இமைக்கு அடியில் ஒளிந்துகொள்வதும் உண்டு. மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, இமையைத் தூக்கிப் பார்த்து எடுத்தால் நாய் மறுநாளே பழையபடி ஆகிவிடும்.

கீழே சேலத்தில் கதை வேறு. காரின் ஜன்னலில் தலையை நீட்டி வரும் லாப்ரடார், ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிற்கும் பொமரேனியன். தூசியும் மணலும் நேராகக் கண்ணில்தான் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னலைப் பாதிக்கு ஏற்றிவிடுங்கள்.

மேலோட்டமான புண் சரியான சொட்டு மருந்தில் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை என்றால் காரணம் வேறு இருக்கிறது: உள்ளே மடங்கிய இமை, தவறான இடத்தில் முளைத்த இமைமுடி, வற்றிய கண்ணீர், அல்லது நடு வயதைத் தாண்டிய நாய்களுக்கு வரும் ஒட்டாத மேல்தோல். கடைசியாகச் சொன்னதற்கு, ஒட்டாத தோலை மருத்துவர் பஞ்சுக்குச்சியால் துடைத்து நீக்கினால்தான் புதுத்தோல் பிடிக்கும். மருந்தை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. குழைய ஆரம்பித்த புண்ணுக்கு அந்த நாயின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரான சீரத்தையே சொட்டு மருந்தாக மணிக்கொருமுறை விடுவோம். குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் காலையில் பசைபோல மஞ்சள் பீளை. ஆன்டிபயாடிக் விட்டால் குறைகிறது, நிறுத்தினால் வருகிறது. ஏன்?

கண் வறட்சியாக இருக்கலாம். கண்ணீர் இல்லாத கண்ணில்தான் பீளை அதிகம் என்றால் பலர் நம்புவதில்லை. கழுவி விடத் தண்ணீர் இல்லாத சாக்கடை எப்படித் தேங்குமோ அப்படித்தான். ஷிட்சு, பக், காக்கர் ஸ்பேனியல் ஆகியவற்றுக்கு இது சாதாரணம். பல நாய்களில் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது இது. சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மருந்து சுரப்பியை மீட்டுத் தரும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பின் ஆயுள் முழுக்க விட வேண்டும். இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் ஐந்தாம் மாதம் கருத்துப்போன கருவிழியோடு திரும்ப வருகிறார்கள்.

வயதான நாயின் இரண்டு கண்ணும் நீலச் சாம்பலாகத் தெரிகின்றன. கண்புரையா?

ஏழு எட்டு வயதைத் தாண்டிய நாய் என்றால், பெரும்பாலும் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக நெருக்கமாகி, நடுப்பகுதி கெட்டிப்பட்டு, ஒளியில் நீலம் பூத்தாற்போலத் தெரியும். நரை மாதிரி அது. பார்வை போகாது, மருந்தும் வேண்டாம். உண்மையான கண்புரை வெள்ளையாக, உடைந்த பனிக்கட்டிபோல இருக்கும்; விளக்கொளி அதைத் தாண்டி உள்ளே போகாது. இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இளம் வயதுப் புரை பெரும்பாலும் பரம்பரை. நடு வயது நாய்க்குச் சில வாரங்களில் இரண்டு கண்ணும் வெளுத்தால், கண்ணை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அதிகம் தண்ணீர் குடிக்கிறதா, அதிகம் சிறுநீர் கழிக்கிறதா, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா என்று கேட்டால், "ஆமாம் டாக்டர், வெயில் காலம் என்று நினைத்தோம்" என்பார்கள். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்தையொட்டிப் புரை வந்துவிடுகிறது. பூனைகளுக்கு அப்படி வருவது அபூர்வம்.

புரையைக் கரைக்கச் சொட்டு மருந்து இருக்கிறதாமே?

கிடையாது. விளம்பரம் எத்தனை இருந்தாலும் கிடையாது. அறுவை ஒன்றுதான் வழி: மனிதருக்குச் செய்வதுபோலவே அல்ட்ராசவுண்ட் எனும் மீயொலியால் வில்லையைப் பொடித்து உறிஞ்சி எடுத்து, செயற்கை வில்லை வைப்பது. மனிதருக்கு வைக்கும் வில்லை சுமார் 20 டயாப்டர் சக்தி கொண்டது. நாய்க்கு 41 வேண்டும். ஆகவே தாத்தாவின் வில்லை நாய்க்கு ஆகாது. இதை உண்மையாகவே ஒருவர் கேட்டார். அறுவைக்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று மின் சோதனை செய்ய வேண்டும். விழித்திரை செத்துப்போயிருந்தால் வில்லையை மாற்றி என்ன பயன்? அறுவைக்குப் பின் பல வாரங்கள் ஒரு நாளைக்குப் பலமுறை மருந்து விட வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அறுவையே வேண்டாம் என்பது என் கருத்து.

உண்ணி கடித்தால் கண் போகுமா?

போகும். இதை நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற நுண்ணுயிர் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். கண்ணுக்குள் அழற்சி வரும், ரத்தம் கசியும், விழித்திரை விலகும். காய்ச்சல், சோர்வு, ஈறில் ரத்தப்பொட்டு எல்லாம் இருந்தும் கவனிக்காமல், கண்ணில் ரத்தம் தெரிந்தபிறகுதான் பலர் வருகிறார்கள். கண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நோய் உடம்பில் அப்படியே இருக்கும். ரத்தப் பரிசோதனை வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள்; ஐந்தாம் நாளே நாய் துள்ளி ஓடும், அப்போது நிறுத்தக் கூடாது. சீக்கிரம் பிடித்தால் பார்வை திரும்புவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த உண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பிலும், நாய்க்கூண்டின் மூலையிலும், கட்டில் கால் இடுக்கிலும் முட்டையிடும். நாயின் மேல் மட்டும் மருந்து தடவிவிட்டுச் சுவரை மறந்தால் அடுத்த மாதம் மறுபடியும் வரும். உண்ணிச்செடிக்கும் இந்த உண்ணிக்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

ஏற்காட்டில் எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டின் கருவிழியில் செந்நிறச் சவ்வு படர்கிறது. கண்ணில் சதை வளர்கிறதா?

இது பேனஸ் என்ற நோய். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கு இது கிட்டத்தட்டக் குலச்சொத்து. கருவிழியின் வெளி ஓரத்திலிருந்து ரத்தக் குழாய்களும் திசுவும் மெல்ல நடுவை நோக்கி ஏறும். பின்னால் கருநிறம் படியும். இரண்டு கண்ணிலும் வரும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கருவிழியையே தாக்குவதுதான் அடிப்படை. அதைக் கிளறிவிடுவது சூரியனின் புறஊதாக் கதிர்.

உயரமான இடங்களில் புறஊதாக் கதிர் கூடுதலாக விழும் என்பதால் அங்கே இந்த நோய் கடுமையாக இருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இமயமலை அல்லதான்; ஆனாலும் மார்ச் மாத வெயிலில் காபி உலர்த்தும் களத்தில் நாள் முழுக்கக் காவல் படுத்திருக்கும் நாய்க்கு அது போதும். குளிராக இருக்கிறதே, வெயில் உறைக்கவில்லையே என்று நினைக்கிறோம். தோலுக்குத் தெரியும் சூடு வேறு, கண்ணைத் தொடும் கதிர் வேறு.

இங்கே ஸ்டீராய்டு சொட்டுதான் மருந்து. முதல் கேள்வியில் அவ்வளவு திட்டிவிட்டு இப்போது அதையே சொல்கிறேனே என்றால், அதற்காகத்தான் முதலில் சாயம் போட்டுப் பார்ப்பது. புண் இல்லை என்று உறுதியானபிறகு ஸ்டீராய்டு, கூடவே சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ். குணமாகாது, கட்டுப்படும். மருந்து ஆயுளுக்கும் உண்டு. காலை பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை சில்வர் ஓக் நிழலிலோ வீட்டுக்குள்ளோ கட்டுங்கள். காவலை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

நாய்க்கு மெட்ராஸ் ஐ வருமா? எங்களிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமா?

வராது. மெட்ராஸ் ஐ வைரஸ் மனிதருக்கானது. வீட்டில் எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும்போது நாய்க்கும் சிவந்தால் அது தற்செயல். தனியாகக் காரணம் தேடுங்கள். பூனையின் கண்ணைத் துடைத்தபின் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்கு வரும் கிளமிடியா என்ற பாக்டீரியா எப்போதோ ஒருமுறை மனிதர் கண்ணையும் தொடும்.

தெருவில் எடுத்த பூனைக்குட்டியின் கண் ஒட்டிப்போயிருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் பூனை ஹெர்பிஸ் வைரஸ், அல்லது கிளமிடியா, சில வேளை இரண்டும். தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்தே இருக்கும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைமேல் சில நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பிய்க்காதீர்கள். பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் தானாகத் திறக்கும்; அதற்கு முன்பே மூடிய இமை உப்பியிருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே திறந்து கழுவ வேண்டும். தள்ளிப்போட்டால் கருவிழி வெடித்துக் குருடாகும். தெருப் பூனைகளில் ஒற்றைக் கண்ணோடு திரிபவற்றில் பலவற்றின் கதை இதுதான்.

பூனை மூக்கு அடைத்தால் சாப்பிடாது. வாசனை தெரியாமல் அதற்கு உணவே இல்லை. ஆகவே கண்ணுக்கு மருந்து விடும்போதே மத்தி மீனைச் சூடாக்கி முன்னால் வையுங்கள். ஹெர்பிஸ் உடம்பில் தங்கிவிடும்; பின்னாளில் வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி கண்ணீர் வடியும். ஸ்டீராய்டு இங்கே கூடவே கூடாது.

எங்கள் பூனைக்குத் திடீரென்று பார்வை தெரியவில்லை. கண்மணி பெரிதாக விரிந்தே இருக்கிறது.

ரத்த அழுத்தம். வயதான பூனையில் சிறுநீரகம் கெட்டாலோ தைராய்டு மிகுந்தாலோ ரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை பின்சுவரிலிருந்து பிய்ந்துவிடும். பூனையின் முன்காலிலோ வாலிலோ சிறு பட்டை கட்டி அளக்கலாம். மேல் அளவு 160-ஐத் தாண்டினால் கண்ணுக்கு ஆபத்து. மனிதர் சாப்பிடும் அதே ஆம்லோடிபின்தான் மருந்து, அளவுதான் துளி. ஓரிரு நாளில் ஆரம்பித்தால் விழித்திரை மீண்டும் ஒட்ட வாய்ப்பு உண்டு.

மெல்ல மெல்லப் பார்வை மங்கினால் சாப்பாட்டைக் கேட்பேன். "சுத்த சைவம், தயிர்சாதம்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் விழித்திரை சிதையும், இதயமும் பலவீனமாகும். சிதைந்த விழித்திரை திரும்பாது. நாய்த்தீனியையே பூனைக்கும் போட்டால் இதே கதிதான். நீங்கள் எந்த உணவைச் சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். பூனைக்கு அந்த விருப்பம் கொடுக்கப்படவில்லை.

கண்ணின் உள்மூலையில் செர்ரிப்பழம்போலச் சிவப்பாக ஏதோ துருத்துகிறது. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். அது கட்டி அல்ல. மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்திருக்கிறது. பீகிள், காக்கர், புல்டாக் குட்டிகளுக்கு அடிக்கடி வரும். கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அந்தச் சுரப்பிதான் தருகிறது. வெட்டினால் இன்று கண் அழகாகிவிடும். சில வருடத்தில் வறண்டுவிடும். பைபோல ஒரு மடிப்பு தைத்து உள்ளே வைக்கும் அறுவையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சுண்ணாம்போ ஆசிடோ கண்ணில் பட்டுவிட்டது. முதலுதவி?

தண்ணீர். குழாயடியில் பிடித்து, குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள்; அதற்குப் பிறகுதான் வண்டி. வெள்ளிப்பட்டறைகள் இருக்கும் தெருக்களில் அமிலமும், வெள்ளையடிக்கும் வீடுகளில் சுண்ணாம்பும்தான் காரணம். இரண்டில் அமிலத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கண்ணுக்குச் சுண்ணாம்புதான் மோசம். அமிலம் பட்ட இடத்திலேயே திசுவை உறையவைத்து ஓரளவு நின்றுவிடும். சுண்ணாம்பு போன்ற காரம் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். எருக்கம்பாலும் அப்படித்தான் கருவிழிக்குள் இறங்கி அதை ஊதவைக்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு?

மாட்டின் கண்ணில் பூ விழுந்தால் புகையிலையை மென்று உமிழும் பழக்கத்தைக் கிராமத்தில் பார்த்திருக்கிறேன். மாடு வாய் திறந்து சொல்லாது என்பதால்தான் அந்த வைத்தியம் இத்தனை காலம் நீடித்திருக்கிறது. கண்ணில் விடும் எதுவும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். இவை எதுவும் அப்படி அல்ல. மேலோட்டமான புண் தானாகவே ஒரு வாரத்தில் ஆறும். அந்தப் புகழை நந்தியாவட்டை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் விட ஏற்றது ஒன்றே ஒன்று: மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீர்.

இரவு பதினொரு மணி, ஏற்காட்டில் இருக்கிறோம், பெரிய நாய் கடித்து எங்கள் பக்கின் கண் வெளியே வந்துவிட்டது!

உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியைக் கண்மேல் வைத்து, காயாமல் நனைத்துக்கொண்டே இருங்கள். முன்காலால் பிராண்டாதபடி ஒருவர் மடியில் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ளட்டும். பிடரியைப் பிடித்து இழுக்காதீர்கள். பக், ஷிட்சு போன்ற தட்டைமுக நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. பிடரியை இறுக்கிப் பிடிப்பதே கண்ணைப் பிதுக்கிவிடும். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சோறு, பால் எதுவும் கொடுக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவையும் மூடுபனியில் மெதுவாகத்தான் இறங்க முடியும்; கிளம்பும் முன்பே கீழே உள்ள மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பிவிடுங்கள். சில மணி நேரத்தில் உள்ளே வைத்து இமையைத் தைத்தால் கண்ணைக் காப்பாற்ற முடியும். பார்வையைக் காப்பாற்ற முடியுமா என்பது நரம்பு எவ்வளவு இழுபட்டது என்பதைப் பொறுத்தது.

குளுக்கோமா என்கிறார்கள், கண்ணையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். இவ்வளவு கொடூரமா?

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கி அழுத்தம் ஏறுவதுதான் குளுக்கோமா. அழுத்தம் திடீரென ஏறினால் பார்வை நரம்பு ஓரிரு நாளில் செத்துவிடும். சீக்கிரம் வந்தால் டோர்சோலமைட், டிமோலால், லாட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டுகளால் இறக்கப் பார்ப்போம். தாமதமாக வந்தால் பார்வை போய்விடும். ஆனால் வலி போகாது. இதைத்தான் மக்கள் ஏற்க மறுக்கிறார்கள். "சாப்பிடுகிறதே டாக்டர், வலி இருந்தால் கத்தாதா?" நாய் கத்தாது. அதிகம் தூங்கும், விளையாடாது, தலையைத் தடவினால் விலகும். வயதாகிவிட்டது என்று நாம் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு வீட்டம்மா ஆறு மாதம் முடியாது என்று மறுத்துவிட்டு, கடைசியில் அழுதுகொண்டே சம்மதித்தார். கண்ணை எடுத்துப் பத்து நாளில் அவரே வந்து, "பந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது, இதை மூன்று வருடமாகச் செய்யவில்லை" என்றார். பார்வையற்ற, வலிக்கும் கண்ணை எடுப்பது கொடூரம் அல்ல. கண்ணாடி பார்த்துக் கவலைப்படும் பிராணி நாம் மட்டும்தான். பரம்பரையாக வந்த குளுக்கோமா என்றால் மற்ற கண்ணுக்கும் வரும். அதற்கு இன்றே தடுப்புச் சொட்டு ஆரம்பித்துவிடுங்கள்.

சொட்டு மருந்தை எப்படி விடுவது? கிட்டே போனாலே கடிக்கிறது.

முன்னால் போகாதீர்கள். நாயை உட்காரவைத்து, பின்னாலிருந்து தாடையைத் தூக்கி, மேல் இமையை உயர்த்தி, மேலிருந்து ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்துதான் போகும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம், களிம்பு கடைசியில். அட்ரோபின் விட்டால் பூனைக்கு வாயில் நுரை தள்ளும்; விஷம் அல்ல, கசப்பு, அவ்வளவே. திறந்த புட்டியை ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். கழுத்தில் மாட்டும் புனலைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். தைத்த கண்ணைப் பிய்த்துக்கொள்ள நாய்க்கு ஒரு நிமிடம் போதும்.

மேல்சிகிச்சைக்கு எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை அல்லது உங்கள் வழக்கமான மருத்துவர். அதற்கு மேல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சேலத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். கிழக்கே ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புரை அறுவை போன்ற நுட்பமான வேலைக்குச் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைவரை போக வேண்டியிருக்கலாம். எங்கே போனாலும் முன்பு விட்ட மருந்துப் புட்டிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், தாத்தாவுடையதையும் சேர்த்து.

பார்வை முழுக்கப் போய்விட்டது. கருணைக் கொலை செய்துவிடலாமா?

வலி இல்லையென்றால் எதற்கு? நாய்க்குப் பார்வை நமக்குப்போல முதல் புலன் அல்ல. மூக்கும் காதும் இருக்கின்றன. கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் ஒரே மூலையில் இருக்கட்டும். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மலையில் வீடு என்றால் சரிவின் ஓரத்துக்கு வேலி போடுங்கள், கிணற்றை மூடுங்கள். மஞ்சக்குட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நாட்டு நாய்க்கு இரண்டு கண்ணும் இல்லை. பால்காரரின் வண்டிச் சத்தம் வளைவில் கேட்டதும் எழுந்து, படியிறங்கி, வாசலில் சரியாக அதே கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.